அமுக்கரா பொடி சாப்பிடலாமா? மனச் சோர்வும் மூலிகையும்



ஆனி பிறந்தாச்சுன்னா குற்றாலத்தில் சாரல்தான். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எங்கே பார்த்தாலும் வெளியூர்க் கூட்டம். அருவிக்குப் போகிற வழியில் இருக்கிற மூலிகைக் கடைகளிலும் நிற்க இடம் இருக்காது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போகிற நம் உறுப்பினர்களும் திரும்பி வரும்போது கடுக்காய், நன்னாரி வேர், கூடவே ஒரு பொட்டலம் அமுக்கரா பொடி என்று வாங்கி வருகிறார்கள். குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் போகிற இடத்தில் எல்லாம் இந்தப் பொடியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

"ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குதுக்கா. மனசு கெடந்து அடிச்சிக்கிடுது. கடைக்காரரு இதைப் பாலில போட்டுக் குடிக்கச் சொன்னாரு. குடிக்கலாமா?"

"டாக்டர் கொடுத்த மாத்திரைய நிப்பாட்டிட்டு இப்போ இதைத்தான் சாப்பிடுதேன். மூலிகைதானே, ஒண்ணும் செய்யாதுல்லா?"

இரண்டாவது கேள்விதான் எங்களைப் பயப்படுத்தியது. ஒன்றுமே செய்யாத பொருள் என்றால் அதற்குக் காசு கொடுப்பானேன்? ஏதோ செய்யும் என்று நம்பித்தானே வாங்குகிறோம்? செய்யத்தான் செய்கிறது. அமுக்கரா மூளையிலும் வேலை செய்கிறது, சுரப்பிகளிலும் வேலை செய்கிறது. அப்படி வேலை செய்கிற பொருளை மருந்து என்றுதான் சொல்ல வேண்டும். மருந்து என்றால் யார் சாப்பிடலாம், யார் சாப்பிடக்கூடாது, எதோடு சேரக்கூடாது என்கிற கணக்கு உண்டு. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறோம்.

குதிரை வாடைக் கிழங்கு

அமுக்கரா, அமுக்கிராங்கிழங்கு, அசுவகந்தி எல்லாம் ஒரே செடிதான். கத்தரி, தக்காளி குடும்பம். நம் வயல் வரப்பில் முளைக்கிற சொடக்குத் தக்காளி மாதிரியே பழத்தைச் சுற்றிக் காகிதம் போல ஓர் உறை இருக்கும். உள்ளே சிவப்பாகச் சின்னப் பழம். பச்சை வேரை முகர்ந்தால் குதிரை வாடை அடிக்கும். அசுவம் என்றால் குதிரை. அதனால்தான் அந்தப் பெயர். இதன் தாவரவியல் பெயர் வித்தானியா சோம்னிஃபெரா. சோம்னிஃபெரா என்றால் லத்தீன் மொழியில் தூக்கம் தருவது என்று பொருள்.

இடையில் ஒரு விஷயம். "குற்றால மலையில் பறித்தது" என்று சொல்லி விற்பார்கள். இந்தியாவில் விளைகிற அமுக்கராவில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சௌர் பக்கமும் ராஜஸ்தானிலும் வயலில் பயிர் செய்தது. மலையில் பறித்தது என்பதற்காகக் கூட இருபது ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

சித்த மருத்துவர் தருகிற அமுக்கரா சூரணத்தில் கிழங்கு மட்டும் இருக்காது. இலவங்கம் 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரண்டு மடங்காக ஏறிக்கொண்டே போகும். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 255 பங்கு. அதில் பாதி சர்க்கரை! கால் பங்குதான் அமுக்கரா. சர்க்கரை நோய் இருக்கிற அக்காமார் இதைக் கவனிக்கணும். கடையில் தனிக் கிழங்குப் பொடி என்று கொடுப்பது வேறு. மருந்துக் கடையில் குப்பியில் வருகிற மாத்திரை இன்னும் வேறு; அது சாறு எடுத்துச் சுண்ட வைத்த சத்து, வீரியம் அதிகம். மூன்றுக்கும் ஒரே அளவு கிடையாது. "அவ ஒரு கரண்டி சாப்பிட்டா, நானும் ஒரு கரண்டி" என்றால் சரிப்படாது.

கவலை எப்படி உடம்புக்குள் இறங்குகிறது?

மனசு என்று நாம் சொல்வது தலையில்தான் இருக்கிறது. ஆனால் மனசு கெட்டால் உடம்பு முழுக்கத் தெரிகிறதே, எப்படி?

நம் கூட்டமைப்பையே நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கூட்டமைப்பு, அடுத்து ஊராட்சி, அடுத்து குழு. மேலே இருந்து ஒரு கடிதம் போனால் ஊராட்சி அதைக் குழுவுக்கு அனுப்பும். குழு வேலையை முடித்து அறிக்கை அனுப்பியதும் மேலே கடிதம் அனுப்புவதை நிறுத்துவார்கள். உடம்பிலும் இதே ஏற்பாடு. மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு பகுதி. அது பக்கத்தில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும். பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும. அட்ரினல் கார்ட்டிசால் என்கிற ஹார்மோனை ரத்தத்தில் விடும். கார்ட்டிசால் போதுமான அளவு வந்ததும் மூளை "போதும்" என்று நிறுத்தும்.

கார்ட்டிசால் கெட்டது இல்லை. அதிகாலையில் அது ஏறுவதால்தான் எழுந்து வாசல் தெளிக்கத் தெம்பு வருகிறது. ராத்திரி இறங்கிவிட வேண்டும். கடன், புருஷன் குடி, மகள் கல்யாணம், தட்டில் மிச்சமிருக்கிற பீடி என்று நாள் முழுக்க கவலை ஓடினால் மேலே இருந்து கடிதம் போய்க்கொண்டே இருக்கும். ராத்திரியும் கார்ட்டிசால் இறங்காது. படுத்தால் கண் மூடாது, நெஞ்சு படபடக்கும், விடிந்தால் எழுந்திருக்கவும் முடியாது.

அமுக்கரா இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. 2012-ல் ஐதராபாத்தில் நடந்த ஒரு சோதனை வெளியானது. மன அழுத்தம் இருந்த 64 பேரில் ஒரு பாதிப் பேருக்கு அமுக்கரா கிழங்குச் சத்து 300 மில்லிகிராம் வீதம் காலை, இரவு என 60 நாள் கொடுத்தார்கள். மறுபாதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. கிழங்கு சாப்பிட்டவர்களுக்கு ரத்தத்தில் கார்ட்டிசால் சுமார் 28 சதவீதம் குறைந்தது. மனப் பாரமும் குறைந்ததாகச் சொன்னார்கள். வேறு சில சோதனைகளிலும் தூக்கம் கொஞ்சம் தேறியது. ஆகவே பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் சின்னச் சோதனைகள். கொஞ்சம் பேர், கொஞ்ச நாள். அதோடு பார்த்தது கவலையையும் மன அழுத்தத்தையும். மனச் சோர்வு நோய் முற்றியவர்களுக்கு டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாம் என்று சொல்ல அது போதாது.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படியுங்கள்

பிட்யூட்டரி அட்ரினலுக்கு மட்டும் அதிகாரி இல்லை. கழுத்தில் இருக்கிற தைராய்டுக்கும், பெண்களுக்கு சினைப்பைக்கும் அதுதான் உத்தரவு போடுகிறது. அதனால்தான் பெரிய கவலை வந்த மாதம் மாதவிலக்கு தள்ளிப் போகிறது. ஒரு நூலை இழுத்தால் பக்கத்து நூலும் அசையும்.

தைராய்டு குறைந்தால் என்ன செய்யும்? அசதி, எடை கூடுதல், முடி கொட்டுதல், மலச்சிக்கல், மாதவிலக்கு அதிகமாகப் போதல், எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை. கடைசியில் சொன்னதைப் பாருங்கள். மனச் சோர்வு மாதிரியே இருக்கும். நம்மில் எத்தனை பேர் தைராய்டு குறைவை "மனக் கவலை" என்று நினைத்துப் பொடி வாங்கித் தின்றுகொண்டிருக்கிறோமோ! ரத்தசோகையும் இப்படித்தான் ஏமாற்றும். ஆகையால் பொடி வாங்குவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. டி.எஸ்.எச். என்று சொல்லிக் கேளுங்கள். அதோடு ரத்த அளவும் பார்த்துவிடுங்கள்.

அமுக்கரா தைராய்டைத் தூண்டுகிறது. 2018-ல் வெளியான இன்னொரு இந்தியச் சோதனையில், தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேர் கலந்துகொண்டார்கள். தினம் 600 மில்லிகிராம் கிழங்குச் சத்து, 8 வாரம். சாப்பிட்டவர்களுக்கு டி3, டி4 ஹார்மோன்கள் ஏறின, டி.எஸ்.எச். இறங்கியது. குறைவாக இருந்தவர்களுக்கு இது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஒருவர் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை போடுகிறார். ராத்திரி பாலில் இந்தப் பொடியும் குடிக்கிறார் என்றால்? இரண்டு பக்கமும் சேர்ந்து ஹார்மோன் அளவுக்கு மேல் போய்விடலாம். போனால் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, மெலிவு, தூக்கமின்மை. தூக்கத்துக்காகச் சாப்பிட்ட பொடியே தூக்கத்தைக் கெடுக்கும். "பத்தலை போலிருக்கு" என்று இன்னொரு கரண்டி போட்டால் கதை முடிந்தது. தைராய்டு ஏற்கெனவே அதிகமாக இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது.

மூளையில் என்ன நடக்கிறது?

மூளையில் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மயிரிழையை விடச் சின்ன இடைவெளி. ஓர் அணு தன்னிடம் சேர்த்து வைத்திருக்கிற ரசாயனத்தை அந்த இடைவெளியில் விடும். அடுத்த அணு அதை வாங்கிக்கொண்டு சேதியைக் கடத்தும். வேலை முடிந்ததும் விட்ட அணுவே மிச்சத்தை உறிஞ்சி எடுத்து வைத்துக்கொள்ளும். செரோட்டோனின், நார்அட்ரினலின், டோபமின் எல்லாம் இந்த ரசாயனங்கள். மனச் சோர்வுக்கு டாக்டர் தருகிற புளுவாக்ஸெடின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகள் செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சுவதைத் தடுக்கும். இடைவெளியில் அது கூட நேரம் நிற்கும். இந்த மாற்றத்துக்கு மூளை பழகி மனசு தெளிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கலை" என்று நிப்பாட்டுவது இதனால்தான் தவறு.

காபா என்று இன்னொன்று உண்டு. மற்றதெல்லாம் வண்டியை ஓட்டும் என்றால் காபா பிரேக் போடும். அமுக்கராவில் உள்ள சத்துகள் காபா வேலை செய்கிற இடத்தில் போய் உதவுவதாக ஆய்வுக்கூடச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். தூக்கம் வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். தூக்க மாத்திரைகளும், பதற்றத்துக்குத் தருகிற குளோனசெபாம் போன்றவையும் அதே பிரேக்கைத்தான் அழுத்துகின்றன. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் காலையிலும் மயக்கம் தெளியாது. அடுப்படியிலும் கிணற்றடியிலும் வேலை செய்கிற நமக்கு அது ஆபத்து.

எல்லா மூலிகையும் மனசைத் தூக்கிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்கிற சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தார்கள். நரம்பு அணு சேர்த்து வைத்திருக்கிற செரோட்டோனின், டோபமின், நார்அட்ரினலின் எல்லாவற்றையும் அது குதிரில் இருக்கிற நெல்லைக் காலி செய்கிற மாதிரி காலி செய்துவிடும். ரத்த அழுத்தத்துக்கு அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனசு சோர்ந்து போனதாக 1950-களில் டாக்டர்கள் எழுதினார்கள். மனச் சோர்வுக்கும் இந்த ரசாயனங்களுக்கும் சம்பந்தம் உண்டு என்று யோசிக்க வைத்ததில் நம் காட்டு வேருக்கும் பங்கு இருக்கிறது!

வெளிநாட்டிலிருந்து வருகிற மஞ்சள் பூ

நம் பக்கத்தில் துபாய், சிங்கப்பூர் என்று பிள்ளைகள் வேலைக்குப் போகாத ஊர் இல்லை. வரும்போது வைட்டமினோடு இன்னொரு குப்பியும் வரலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட். ஐரோப்பாவில் மனச் சோர்வுக்குப் பெயர் பெற்ற மூலிகை. மஞ்சள் பூப் பூக்கும் செடி. நீலகிரி, கொடைக்கானல் மலையில் இதே இனத்தில் வேறொரு செடி உண்டு. அது இது அல்ல.

இது செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்ச விடாமல் தடுக்கும், டாக்டர் மாத்திரை மாதிரியே. லேசான, நடுத்தரமான சோர்வுக்குப் பலன் தருவதாகச் சோதனைகள் சொல்கின்றன. ஆனால் டாக்டர் மாத்திரையோடு சேர்த்தால் செரோட்டோனின் மிதமிஞ்சிப் போய் நடுக்கம், காய்ச்சல், வியர்வை, குழப்பம் வரும். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிடும்.

இதைவிட நமக்கு முக்கியமானது இன்னொன்று. இந்தச் செடியில் ஹைபர்ஃபோரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது கல்லீரலைத் தூண்டி, மருந்துகளைச் சிதைக்கிற நொதியை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. அதனால் மற்ற மருந்துகள் ரத்தத்தில் நிற்காமல் சீக்கிரம் கழிந்துபோகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிற மாலா-என் மாத்திரையில் இருப்பது பெண் ஹார்மோன்கள். அதையும் இது சிதைத்துவிடும். மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டும் இடையில் ரத்தம் படும்; கர்ப்பமும் தங்கலாம். பிரிட்டனில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தடை மாத்திரையோ கைத்தோலுக்கடியில் வைக்கிற கருத்தடைக் குச்சியோ பயன்படுத்துகிற பெண்கள் இந்த மூலிகையைச் சாப்பிட வேண்டாம் என்று 2014-ல் மறுபடி எச்சரித்தது. எச்.ஐ.வி. கூட்டு மருந்தின் வலிமையையும் இது குறைக்கிறது என்று அமெரிக்க அரசு 2000-லேயே எச்சரித்திருந்தது. "மூலிகைதானே" என்று டாக்டரிடம் சொல்லாமல் விட்டால், கர்ப்பம் எப்படித் தங்கியது என்று யாருக்குமே விளங்காது. வீட்டில் பழி யார் மேல் விழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கர்ப்பிணிகள், கல்லீரல்

அமுக்கராவுக்குத் திரும்புவோம். கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்காக முயற்சி செய்பவர்கள், பால் கொடுப்பவர்கள் இதைத் தாங்களாகச் சாப்பிட வேண்டாம். கருக்கலைப்புக்கு நாட்டு வைத்தியத்தில் இதைப் பயன்படுத்திய பழைய பேச்சு உண்டு. தைராய்டு, பெண் ஹார்மோன் பற்றிய கவலையோடு இதையும் கணக்கில் எடுத்துத்தான் டென்மார்க் நாடு 2023-ல் அமுக்கராவுக்குத் தடை போட்டது. நம் நாட்டு அரசும் மருத்துவர்கள் பலரும் அந்தத் தடையை ஏற்கவில்லை. எங்களுக்கும் முழுத் தடை தேவையில்லை என்றுதான் படுகிறது. ஆனால் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பரீட்சை பார்க்க வேண்டாம்.

சிலருக்கு, எல்லோருக்கும் அல்ல, கல்லீரல் பாதிக்கிறது. 2020-ல் ஐஸ்லாந்து, அமெரிக்க டாக்டர்கள் ஐந்து பேருக்கு இப்படி வந்ததை எழுதினார்கள். நம் நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். பொடி சாப்பிட ஆரம்பித்து சில வாரத்தில் உடம்பெல்லாம் அரிப்பு, கண் மஞ்சள், மூத்திரம் மஞ்சளாகப் போவது என்று தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு நாள் கடத்த வேண்டாம்.

இலையைக் கிழங்கோடு சேர்த்து அரைத்துவிடுவதும் நடக்கிறது. இலையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. வாங்கினால் தயாரிப்பு உரிம எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, "கிழங்கு" என்ற சொல் நான்கும் அட்டையில் இருப்பதை வாங்குங்கள்.

யாரிடம் கேட்பது?

சித்த மருந்தே வேண்டும் என்றால் சித்த மருத்துவரிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் அல்ல. அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு இருக்கிறது. மருந்துக்குக் காசு இல்லை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் நடக்கிறது, அங்கேயும் போய்ப் பார்க்கலாம். கிழங்கைப் பால் ஆவியில் வேக வைத்துச் சுத்தி செய்துதான் சூரணம் செய்ய வேண்டும் என்கிற முறையெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனசு பாரமாகவே இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, குழுக் கூட்டத்துக்கு வரக்கூடப் பிடிக்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அது பொடியில் தீர்கிற விஷயம் இல்லை. பிள்ளை பெற்ற சில வாரங்களில் இப்படி வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்க்கணும் என்று கேளுங்கள். பைத்தியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் எங்களிடம் சொல்லுங்கள். போக முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், ராத்திரி பகல் எப்போதும் தமிழில் பேசுவார்கள், இலவசம். 104-லும் பேசலாம். பக்கத்து வீட்டு உறுப்பினர் இப்படிப் பேசினால் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள்.

டாக்டர் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், தூக்கமின்மை வரும். பழைய சோர்வு இரண்டு மடங்காகத் திரும்பலாம். நிறுத்துவதாக இருந்தால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார். ஆப்பரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் பொடி சாப்பிடுவதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே. இந்தக் கிழங்கு இரண்டையும் இன்னும் இறக்கக்கூடும்.

கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வரும்போது, மாத்திரை அட்டைகளோடு பொடி டப்பாவையும் எடுத்து வந்து காட்டுங்கள். அட்டையே இல்லாத பொட்டலமா? அதில் ஒரு கரண்டி காகிதத்தில் மடித்து, எந்தக் கடையில், எந்தத் தேதியில், என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று மேலே எழுதி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுப்பார்.